ஹாமில்டன் சுற்று தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோட்டுரு என்பது புள்ளிகளும் (முனைகள்) அவற்றைச் சேர்க்கும் கோடுகளும் (விளிம்புகள்) கொண்ட அமைப்பு. ஒரு முனையில் கிளம்பி, விளிம்புகள் வழியாகவே கோட்டுருவில் உள்ள மற்ற எல்லா முனைகளையும் தலா ஒரே ஒரு முறை தொட்டுவிட்டு, கிளம்பிய முனைக்கே திரும்பும் வழிதான் ஹாமில்டன் சுற்று. இதற்கென எழுதப்படும் நிரல்களில் பல, முதல் வரி எழுதும் முன்பே தடம் மாறிவிடுகின்றன. கேட்கப்பட்ட கணக்கு ஒன்று, தீர்க்க உட்காரும் கணக்கு வேறொன்று.

எந்தக் கணக்கு என்பதில் வரும் குழப்பம்

1736-இல் ஆய்லர் தீர்த்த கோனிக்ஸ்பெர்க் ஏழு பாலக் கணக்கு, ஒவ்வொரு விளிம்பையும் ஒரே ஒரு முறை கடப்பது பற்றியது (அப்படிக் கடந்து கிளம்பிய இடத்துக்கே திரும்புவது ஆய்லர் சுற்று). அதற்கு விடை எளிது: கோட்டுரு இணைந்திருக்க வேண்டும், எல்லா முனைகளின் படியும் (முனையில் வந்து சேரும் விளிம்புகளின் எண்ணிக்கை) இரட்டைப்படையாக இருக்க வேண்டும். முனைகளைத் தொடும் கணக்குக்கு அப்படி ஓர் எளிய விதி இதுவரை தெரியவில்லை. 1972-இல் கார்ப் வெளியிட்ட 21 என்பி-முழுமைக் கணக்குகளில் (விடையைச் சரிபார்ப்பது எளிது, ஆனால் கண்டுபிடிக்க வேகமான பொது முறை தெரியாதவை) ஹாமில்டன் சுற்றும் ஒன்று. ஒன்றின் விடையை வைத்து மற்றதைச் சொல்லவும் முடியாது. பன்னிருமுகியில் 20 முனைகள், 30 விளிம்புகள், ஒவ்வொரு முனையின் படியும் 3. அதில் ஆய்லர் சுற்று இல்லை, ஹாமில்டன் சுற்று உண்டு. 1857-இல் ஹாமில்டன் ஒரு விளையாட்டாகவே அதை அமைத்தார். ஒரே முனையைப் பகிரும் இரண்டு முக்கோணங்களை எடுத்தால் நிலைமை தலைகீழ்: ஆய்லர் சுற்று உண்டு, ஹாமில்டன் சுற்று இல்லை. ஐந்தே முனை கொண்ட இந்தச் சின்னக் கோட்டுருவை நினைவில் வையுங்கள், கீழே மறுபடி வரும்.

எல்லாத் தெருக்களிலும் நடக்க வேண்டும் என்றால் அது விளிம்புக் கணக்கு, வேகமாகத் தீர்ந்துவிடும். எல்லா நிறுத்தங்களுக்கும் போக வேண்டும், ஆனால் ஒரே நிறுத்தத்தை இரண்டு முறை கடந்தாலும் பரவாயில்லை என்றால் அதுவும் ஹாமில்டன் சுற்று அல்ல. இணைந்த எந்தக் கோட்டுருவிலும் அப்படி ஒரு சுற்று கட்டாயம் உண்டு. விரிமரம் (வளையம் இல்லாமல் எல்லா முனைகளையும் சேர்க்கும் விளிம்புகள்) ஒன்றை எடுத்து அதைச் சுற்றி வந்தாலே போதும். அதில் மிகக் குறைந்த தூரம் வேண்டுமானால், முதலில் எல்லா இணைகளுக்கும் குறுகிய தூரத்தைக் கணக்கிட்டு, அந்தத் தூரங்களைக் கொண்ட முழுக் கோட்டுருவில் (எல்லா இணைகளும் விளிம்பால் சேர்ந்தது) பயண விற்பனையாளர் கணக்கை (எல்லா முனைகளையும் தொடும் மிகக் குறுகிய சுற்றைத் தேடுவது) தீர்க்க வேண்டும். ஆகவே ‘ஒரு முனையைத் திரும்பத் தொடலாமா?’ என்பதைக் கணக்கைக் கொடுத்தவரிடமே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

தேற்றங்களைத் திருப்பிப் படிப்பது

டிராக் 1952-இல் நிறுவியது இது: எளிய கோட்டுரு (இரட்டை விளிம்போ, தன்னோடு தானே சேரும் முனையோ இல்லாதது), முனைகள் ந (மூன்று அல்லது அதற்கு மேல்), ஒவ்வொரு முனையின் படியும் ந/2-க்குக் குறையாது என்றால் ஹாமில்டன் சுற்று உண்டு. ஓர் (Ore) என்ற கணிதவியலாளர் 1960-இல் இதைத் தளர்த்தினார்: விளிம்பால் சேராத எந்த இரண்டு முனைகளை எடுத்தாலும் அவற்றின் படிகளைக் கூட்டினால் ந-க்குக் குறையக் கூடாது. இரண்டுமே போதுமான நிபந்தனைகள், தேவையான நிபந்தனைகள் அல்ல. 100 முனைகள் வளையமாக நிற்கும் கோட்டுருவில் எல்லாப் படியும் 2தான். டிராக் நிபந்தனை பக்கத்தில்கூட வராது, ஆனால் கோட்டுருவே ஒரு ஹாமில்டன் சுற்று. நிபந்தனை பொருந்தவில்லை என்பதற்காக ‘சுற்று இல்லை’ என்று விடை அச்சிடும் நிரல்களை அடிக்கடி பார்க்கலாம்.

இதில் இன்னும் நுணுக்கமான ஒரு பிழை, முழு எண் வகுத்தல். ந = 5 என்றால் ந/2 என்பது 2.5. நிரலில் முழு எண் வகுத்தல் அதை 2 ஆக்கிவிடும். மேலே சொன்ன இரட்டை முக்கோணத்தில் குறைந்தபட்சப் படி சரியாக 2. எனவே நிரல் ‘சுற்று உண்டு’ என்று தவறாக அறிவிக்கும். வகுக்காமல், படியை 2-ஆல் பெருக்கி ந-உடன் ஒப்பிடுங்கள். உள்ளீட்டில் ஒரே விளிம்பு இரண்டு முறை வந்தாலோ, ஒரு முனை தன்னோடு தானே சேர்ந்திருந்தாலோ படி பொய்யாக ஏறும். அண்டை முனைகளைப் பட்டியலாக வைக்காமல் கணமாக வைத்தால் முதல் சிக்கல் தீரும், இரண்டாவதைத் தனியாக நீக்க வேண்டும்.

மறுப்புச் சோதனைகளைத் தவிர்ப்பது

தேடலில் இறங்குவதற்கு முன், சுற்று இருக்கவே முடியாது என்று காட்டும் மலிவான சோதனைகளை ஓட்டிவிட வேண்டும். படி 2-க்குக் கீழ் ஒரு முனை இருந்தாலும் முடிந்தது. கோட்டுரு இணையாமல் இருந்தாலும், எடுத்தால் இரண்டாக உடையும் வெட்டுமுனை இருந்தாலும் முடிந்தது (வழி முட்டும்வரை போய்த் திரும்பும் ஒரே ஆழத் தேடலில் இரண்டும் தெரிந்துவிடும்). ஒரு முனைக்குப் படி 2 உள்ள அண்டை முனைகள் மூன்று இருந்தால், அந்த மூன்றும் தத்தம் இரு விளிம்புகளையும் பயன்படுத்தியே தீர வேண்டும். நடு முனையில் மூன்று விளிம்புகள் குவியும், சுற்று சாத்தியமில்லை. இருபகுதிக் கோட்டுருவில் (முனைகள் இரு பக்கமாகப் பிரிந்து, விளிம்புகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மட்டுமே போவது) இரு பக்கமும் சம எண்ணிக்கை வேண்டும். 5×5 கட்டத்தில் சதுரங்கப் பலகை போல நிறமடித்தால் 13-க்கு 12 வரும், எனவே சுற்று இல்லை. இது தெரியாமல் தேடலை ஓட்டினால், ஒரு கழித்தலில் கிடைக்கும் விடைக்காக நிரல் எல்லா வழிகளையும் அலசிக்கொண்டிருக்கும். திசையுள்ள கோட்டுருவில் வலுவான இணைப்பு (எந்த முனையிலிருந்தும் எந்த முனைக்கும் திசைப்படி போக முடிவது) இருக்கிறதா என்று பாருங்கள்.

பொதுவான வடிவம்: க முனைகளை எடுத்தபின் க-வுக்கு மேற்பட்ட துண்டுகள் எஞ்சினால் சுற்று இல்லை. இவை எல்லாவற்றிலும் தேறியும் சுற்று இல்லாத கோட்டுருக்கள் உண்டு. 10 முனைகள், 15 விளிம்புகள் கொண்ட பீட்டர்சன் கோட்டுரு அப்படிப்பட்டது. அதில் எந்த முனையை நீக்கினாலும் மீதி ஒன்பதுக்கும் சுற்று கிடைக்கும். பத்துக்கும் சேர்த்துக் கிடைக்காது.

பேக்டிராக்கிங்கில் சறுக்கும் இடங்கள்

பேக்டிராக்கிங் என்பது வழியை அடி அடியாக நீட்டி, முட்டினால் பின்வாங்கி வேறு அடி பார்க்கும் தேடல். இதில் மிகப் பரவலான பிழை, எல்லா முனைகளும் வந்துவிட்டன என்றதும் வெற்றி என்று அறிவிப்பது. கடைசி முனையிலிருந்து முதல் முனைக்கு விளிம்பு இருக்கிறதா என்று பார்க்காவிட்டால் கிடைப்பது ஹாமில்டன் பாதை மட்டும்தான். பீட்டர்சன் கோட்டுருவில் பாதை உண்டு, சுற்று இல்லை. இந்தப் பிழையை அது உடனே காட்டிக்கொடுக்கும்.

அடுத்தது, பின்வாங்கும்போது ‘பார்த்தாயிற்று’ என்ற குறியை அழிக்க மறப்பது. அப்போது நிரல் சாதாரண ஆழத் தேடலாகச் சுருங்கி, ஒரே முயற்சியில் கைவிட்டுவிடும். பைத்தானில் எழுதுவோர் கவனிக்க: கண்டுபிடித்த வழியை விடைப் பட்டியலில் சேர்க்கும்போது நகலெடுத்துச் சேருங்கள். அப்படியே சேர்த்தால், பின்வாங்கி முடித்தபின் எல்லா விடைகளும் ஒரே வெற்றுப் பட்டியலாக நிற்கும்.

தொடக்க முனையை மாற்றி மாற்றி ஓட்டுவது வீண். சுற்று எல்லா முனைகளையும் தொடுவதால் எங்கே தொடங்கினாலும் அகப்படும். படி குறைந்த முனையில் தொடங்கினால் கிளைகள் குறையும். (பாதை தேடும்போது மட்டும் தொடக்கம் முக்கியம். எல்லா முனைகளோடும் சேர்ந்த ஒரு புது முனையைக் கூட்டிவிட்டால் பாதைக் கணக்கும் சுற்றுக் கணக்காகிவிடும்.) சுற்றுகளை எண்ணும்போது, தொடக்கத்தை நிலைப்படுத்திய பிறகும் திசையில்லாக் கோட்டுருவில் ஒவ்வொன்றும் இரண்டு முறை வரும். இரண்டாவது முனையின் எண் கடைசி முனையின் எண்ணைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தினால் போதும். திசையுள்ள கோட்டுருவில் இப்படிச் செய்யக் கூடாது.

வேகம் கிடைப்பது கிளைவெட்டலில்தான், அதாவது பலன் தராத வழிகளை முன்கூட்டியே கைவிடுவதில்தான். ஒவ்வொரு அடியிலும், தொடாத ஒவ்வொரு முனைக்கும் பயன்படக்கூடிய அண்டைகள் இரண்டாவது மிஞ்சுகின்றனவா என்று பாருங்கள். தொடாத முனைகள், இப்போது நிற்கும் முனை, தொடக்க முனை ஆகியவைதான் கணக்கில் வரும். தொடக்க முனையைச் சேர்க்க மறந்தால் சரியான வழிகளையே வெட்டிவிடுவீர்கள். தொடக்க முனைக்குத் தொடாத அண்டை ஒன்றாவது இருக்க வேண்டும் (கடைசி அடியைத் தவிர). அது தீர்ந்துவிட்டால் அந்தக் கிளையில் வீட்டுக்குத் திரும்ப வழியில்லை.

அளவை மதிப்பிடாமல் இறங்குவது

முழுக் கோட்டுருவில் 20 முனைகளுக்கு 19!/2 சுற்றுகள், அதாவது ஏறத்தாழ 6.08 × 10¹⁶. ஹெல்ட், கார்ப் இருவரும் 1962-இல் தந்த இயங்குநிலை நிரலாக்க முறை (சிறிய உட்கணங்களின் விடையைச் சேமித்துப் பெரியவற்றுக்குப் பயன்படுத்துவது; அதே ஆண்டில் பெல்மனும் தனியாகத் தந்தார்) இதை 20² × 2²⁰, அதாவது சுமார் 42 கோடி செயல்களாகக் குறைக்கிறது. ஆனால் அங்கே முதலில் தீர்ந்துபோவது நினைவகம். ஒவ்வொரு உட்கணத்துக்கும் ஒவ்வொரு இறுதி முனைக்கும் ஒரு பைட் ஒதுக்கினால் 24 முனைகளுக்கு 384 எம்பி வேண்டும். உட்கணத்துக்கு ஒரே 32-பிட் எண் வைத்து, எந்தெந்த முனையில் முடிய முடியும் என்பதை அதன் பிட்டுகளில் குறித்தால் 64 எம்பி போதும். 30 முனைகளுக்கு அதுவும் 4 ஜிபி ஆகிவிடும்.

அதற்கு மேல் போனால் பயண விற்பனையாளர் கணக்கின் தீர்ப்பான்களை (அதைத் தீர்க்கும் ஆயத்த நிரல்களை) நாடுவது நல்ல வழிதான். இல்லாத விளிம்புக்கு எடை 0 கொடுத்துவிடாதீர்கள். தீர்ப்பான் அதையே தேடித்தேடி எடுக்கும். 32-பிட் எண்ணின் உச்ச மதிப்பைக் கொடுத்தாலும் ஆபத்து. அதோடு 1 கூட்டினாலே பல மொழிகளில் எதிர்ம எண்ணாகி, மிகச் சிறந்த விடையாகத் தெரியும். இருக்கும் விளிம்புக்கு 1, இல்லாததற்கு 2 என்று கொடுங்கள். மிகக் குறைந்த நீளம் சரியாக ந என்றால் சுற்று உண்டு.

முழு எண் நிரலாக்கமாக (முழு எண் மாறிகள் மேல் கட்டுப்பாடுகளாக) எழுதுவோர் ‘ஒவ்வொரு முனையிலும் இரண்டு விளிம்புகள்’ என்ற கட்டுப்பாட்டோடு நின்றுவிடுகிறார்கள். ஆறு முனைகளுக்கு அது இரண்டு தனி முக்கோணங்களையும் விடையாக ஏற்கும். 1954-இல் டான்ட்சிக், ஃபுல்கர்சன், ஜான்சன் மூவரும் 49 நகரங்களுக்குத் தீர்த்தபோது கையாண்டது போல, உட்சுற்று (சில முனைகளை மட்டும் சுற்றும் வளையம்) தென்படும்போதெல்லாம் ‘இந்தக் கணத்திலிருந்து வெளியே செல்லும் விளிம்புகள் குறைந்தது இரண்டு’ என்று சேர்த்துத் திரும்பத் தீர்க்க வேண்டும்.

தோராய முறைகள், நேர வரம்பு வைத்த தேடல்கள் ஆகியவை வெறுங்கையோடு திரும்பினால், விடை ‘கிடைக்கவில்லை’ என்பது மட்டுமே. நிரலின் வெளியீட்டில் ‘உண்டு’, ‘இல்லை என்று நிறுவப்பட்டது’, ‘தெரியவில்லை’ என மூன்று நிலைகளை வையுங்கள். கடைசி இரண்டையும் ஒன்றாக்கும் அறிக்கையை நம்பி யாராவது ஒரு தடத்தையே கைவிடக்கூடும்.

‘உண்டு’ என்று வந்தால் தனியாக ஒரு சரிபார்ப்புச் செயற்கூறு எழுதி, நீளம் ந, திரும்ப வரும் முனை இல்லை, அடுத்தடுத்த ஒவ்வொரு இணையும் கடைசி–முதல் இணையும் மூலக் கோட்டுருவில் விளிம்பு என மூன்றையும் சோதியுங்கள். நிரலுக்கான சோதனைத் தொகுப்பில் இவை இருக்கட்டும் (எண், திசையைப் பொருட்படுத்தாமல் எண்ணிய ஹாமில்டன் சுற்றுகளின் எண்ணிக்கை): இரட்டை முக்கோணம் 0, பீட்டர்சன் 0, ஐந்து முனை முழுக் கோட்டுரு 12, ஆறு முனையுடையது 60, கனசதுரம் 6, பன்னிருமுகி 30.