கோயமுத்தூர் ட்ரிப்போட கடைசி நாளா?
ஏனுங்க, கடைசி நாள் அன்னைக்கு அத்தை வீடு, சித்தி வீடு, ஃப்ரெண்டு வீடுன்னு ஒவ்வொண்ணா ஏறி எறங்காதீங்க. ஒரு வீட்டுல சாப்புட்டுட்டு இன்னொரு வீட்டுல வேண்டாம்னா கோவிச்சுக்குவாங்க, அதனால எல்லாரையும் மத்தியானம் ஒரே வீட்டுக்கு வரச் சொல்லி, அரிசிம்பருப்பு சாதம் போதும்னு முன்னாடியே சொல்லிருங்க, இல்லீன்னா அத்தை அடுப்படியிலயே நின்னுக்குவாங்க, பேசவே முடியாது. ஃப்ரெண்ட்ஸை சாயங்காலம் ரேஸ் கோர்ஸ் வாக்கிங் பாதையில நடந்துட்டே பாத்துக்கலாம். மைசூர்பா முந்தின நாளே வாங்கிருங்க.

அப்புறம் டிக்கெட்ல கோயமுத்தூர் ஜங்ஷனா போத்தனூரான்னு பாருங்க, சில ட்ரெயின் ஜங்ஷனுக்கே வராது. ஒருக்கா நான் ஜங்ஷன்ல போய் நின்னுட்டு, அப்புறம் மாமா பைக்குல போத்தனூருக்குப் பறந்தோம், ட்ரெயின் லேட்டா வந்ததால தப்பிச்சேனுங்க.