நட்டு கழன்றது, போல்ட் வரவில்லை: பழைய பிக்கப்பின் ஸ்பிரிங் பட்டையில் செய்யக் கூடாதவை

பல ஆண்டுகள் மீனும் ஐஸும் சுமந்த பிக்கப்பின் பின்பக்க ஸ்பிரிங் பட்டையைக் கழற்ற வேண்டும் என்றால், அரை நாள் வேலை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் ஓடிய பழைய பொலீரோ பிக்கப், டாடா 207 போன்ற வண்டிகளில் மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் தளத்தின் இடுக்கு வழியாகக் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். பட்டையின் இரு முனைகளிலும் வளைந்திருக்கும் கண்ணும், அதற்குள் செருகியிருக்கும் போல்ட்டும்தான் முதலில் மாட்டிக்கொள்ளும்.

முதல் தவறு, எது இறுகியிருக்கிறது என்று பார்க்காமலே பலத்தைக் காட்டுவது. போல்ட்டைச் சுற்றி ஓர் இரும்புக் குழல், குழலைச் சுற்றி ரப்பர், ரப்பரைச் சுற்றிப் பட்டையின் கண் என்பதுதான் புஷ்ஷின் அமைப்பு. துரு பிடிப்பது போல்ட்டுக்கும் குழலுக்கும் நடுவில். இரும்பு துருவாக மாறும்போது முன்பிருந்ததைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். குழலுக்குள் அந்த இடம் இல்லாததால், ஆப்பு அடித்ததுபோல் இறுகிவிடும். மரையில் சிக்கல் இல்லாததால் நட்டு சமர்த்தாகக் கழன்று வரும். பாதி வேலை முடிந்தது என்று நாமும் டீ குடிக்கப் போய்விடுவோம்.

போல்ட்டின் தலையில் ஸ்பேனரைப் போட்டுக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். சற்று நகர்ந்து, கையை விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பி வந்தால், போல்ட் குழலோடு ஒட்டியிருக்கிறது. நீங்கள் முறுக்குவது ரப்பரை. இந்த நிலையில் ஸ்பேனரில் நீளமான பைப்பை மாட்டித் தொங்கினால் ரப்பர் கிழியும். கிழிந்த பிறகு போல்ட்டும் குழலும் சேர்ந்து நாள் முழுக்கச் சுற்றும், ஒரு நூல் அளவுகூட வெளியே வராது. நட்டை அடித்து அடித்துத் திருப்பும் இம்பாக்ட் ரெஞ்சு என்ற கருவி வைத்திருப்பவர்கள் இந்தத் தவறை இன்னும் விரைவாகச் செய்கிறார்கள்.

அடுத்தது எண்ணெய். டபிள்யூடி-40 அடித்தும் பயனில்லை என்று புலம்பாத ஆளில்லை. அமெரிக்காவின் சான் டியாகோவில் 1953இல் ஈரத்தை விலக்குவதற்காக உருவான திரவம் அது; பெயரில் உள்ள 40, நாற்பதாவது முயற்சியில் கலவை சரியாக அமைந்ததைக் குறிக்கிறது. துருவுக்குள் ஊடுருவுவதற்கென்றே வேறு எண்ணெய்கள் விற்கின்றன. ஆனால் எதை அடிக்கிறோம் என்பதைவிட எங்கே அடிக்கிறோம் என்பதே முக்கியம். மரையின் மேல் அடித்த எண்ணெய் குழலுக்குள் போகாது. பட்டையின் கண்ணைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் தாங்கிக்கு, போல்ட் நுழையும் துளையோடு இரண்டு பக்கமும் காதுகள் உண்டு. அந்தக் காதுக்கும் குழலின் முனைக்கும் நடுவே மயிரிழை அளவில் ஓர் இடுக்கு இருக்கிறது, அங்கே அடிக்க வேண்டும். முந்தின நாள் மாலை ஒரு தடவை, இரவு ஒரு தடவை, காலையில் ஒரு தடவை. அப்போதும் குழலின் நடுப்பகுதிவரை எண்ணெய் போவது அரிது.

சுத்தியல் விஷயத்தில் நானே பட்டிருக்கிறேன். நட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் போல்ட்டின் முனையிலேயே ஓங்கி ஓங்கி அடித்தேன். முனை நாய்க்குடைபோல் விரிந்தது. பிறகு போல்ட் அசைந்து கொடுத்தும், விரிந்த முனை தாங்கியின் துளைக்குள் நுழையவில்லை. அரம் எடுத்து ராவ வேண்டியதாயிற்று. பழைய நட்டு ஒன்றை முனைக்குச் சமமாக ஏற்றி, அதன் மேல் பித்தளைத் துண்டு வைத்து, கனமான சுத்தியலால் அளவாகத் தட்டுவதே சரி.

துருவே இல்லாத போல்ட்டும் வெளியே வராமல் அடம் பிடிப்பதுண்டு. அதற்குக் காரணம் பாரம். சேஸிஸைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்திய பிறகு ஆக்ஸில் தொங்கும் கனம் முழுவதும் பட்டை வழியாக அந்தப் போல்ட்டைத்தான் இழுக்கிறது. ஆக்ஸிலுக்கு அடியில் தனியாக ஒரு ஜாக்கியை வைத்துக் கொஞ்சம் ஏற்றியும் இறக்கியும் பார்த்தால், போல்ட் எந்தப் பக்கமும் அழுந்தாத ஓர் உயரம் கிடைக்கும். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் படுப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை. எழுந்து வெளியே வாருங்கள். போல்ட் விடுபடும் நொடியில் பட்டையின் கண் துள்ளும், எனவே விரலையும் அங்கே வைக்காதீர்கள்.

தீ வைப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. கேஸ் கட்டிங் ஆளைக் கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்பார்கள். சில வண்டிகளில் முன் கண்ணுக்குக் கை நீட்டும் தூரத்தில் டீசல் டேங்கும் பிரேக் குழாயும் இருக்கின்றன. ரப்பர் பற்றினால் கரும்புகை கிளம்பும், எளிதில் அணையாது. இதெல்லாம் உடனே கண்ணுக்குத் தெரிகிற கேடு. தெரியாத கேடு பட்டையில் நடக்கிறது: சூடேற்றிப் பதப்படுத்திய எஃகு அது, தீ பட்ட இடத்தில் பதம் போய்விடும். பட்டையில் வெல்டிங் பொறி விழுந்தாலும் அந்தப் புள்ளியிலிருந்து விரிசல் தொடங்கலாம். லோடு ஏற்றிய வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கும்போது பட்டை உடைந்தால், கழற்றிய நாளில் வைத்த தீ யாருக்கும் நினைவு வராது.

என்னைக் கேட்டால், எண்ணெயும் சுத்தியலும் ஒரு மணி நேரத்தில் பலிக்காவிட்டால் போல்ட்டை அறுத்துவிடுவேன். புஷ்ஷை எப்படியும் மாற்றத்தான் போகிறோம். ரப்பரின் விளிம்பைக் கத்தியால் சீவிவிட்டு, காதுக்கும் கண்ணுக்கும் நடுவே இரண்டு பக்கமும் மெல்லிய பிளேடால் அறுத்தால் பட்டை விடுபட்டு வந்துவிடும். அவசரத்தில் தாங்கியின் காதை அறுத்துவிடக் கூடாது; அது சேஸிஸோடு சேர்ந்தது, போல்ட்டைப்போல் கடையில் வாங்கி மாட்ட முடியாது. அறுப்பதற்கு முன் புதிய போல்ட் கையில் இருக்கட்டும். பழையதன் தலையில் அதன் பலத்தைக் குறிக்கும் 8.8 அல்லது 10.9 என்ற எண் பொறித்திருந்தால் புதியதிலும் அதே எண் இருக்க வேண்டும். ஆக்ஸிலைப் பட்டையோடு பிணைக்கும் யூ போல்ட்டையும் கழற்றியிருந்தால் அதையும் புதிதாகப் போடுங்கள்.

திரும்ப மாட்டும்போது குழலின் உட்புறத்திலும் போல்ட்டின் உடலிலும் கிரீஸ் தடவுங்கள். ரப்பரில் படாமல் தடவுங்கள், ஏனென்றால் சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்துக் கெடுத்துவிடும். பிறகு பலரும் சறுக்கும் இடம் ஒன்று பாக்கி இருக்கிறது. வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போதே நட்டை முழுதாக முடுக்கிவிடுகிறார்கள். பட்டை தொங்கும் நிலையில் குழல் பிடிபட்டுவிடுவதால், வண்டியைத் தரையில் இறக்கியதும் ரப்பர் முறுகிக்கொண்டு, முறுகியபடியே ஓடும். புதிய புஷ் சீக்கிரமே கிழியும். நட்டைக் கையால் பிடிக்கிற அளவுக்கு மட்டும் ஏற்றி, சக்கரங்களைத் தரையில் வைத்து, வண்டியின் கனம் முழுவதும் பட்டையில் இறங்கிய பிறகு கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்குங்கள்.