அட்வான்ஸ் கொடுக்கும் முன்: சென்னையில் மனையின் நிலப் பயன்பாட்டைப் பார்ப்பது எப்படி

பட்டா, வில்லங்கச் சான்று, மூலப்பத்திரம் மூன்றும் சுத்தமாக இருந்தும் வீடு கட்ட அனுமதி கிடைக்காமல் போகலாம். நிலம் யாருடையது என்பதைத்தான் அவை சொல்லும். அதில் என்ன கட்டலாம் என்பதைச் சொல்வது 2008 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட சிஎம்டிஏ-வின் (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) இரண்டாம் முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்). பட்டாவில் 'புஞ்சை' என்று இருந்தால் விவசாய மண்டலம் என்று அர்த்தமில்லை. 'நத்தம்' என்று இருந்தால் குடியிருப்பு மண்டலம் என்றும் அர்த்தமில்லை.

படி 1. வருவாய்த்துறையின் இ-சேவை தளத்தில் பட்டாவையும் புல வரைபடத்தையும் (எஃப்எம்பி) இறக்கிக்கொள்ளுங்கள். மாநகர எல்லைக்குள் என்றால் டவுன் சர்வே பதிவேட்டு நகல்.

படி 2. சிஎம்டிஏ தளத்தில் நிலப் பயன்பாட்டுத் தகவல் பக்கத்தில் கிராமத்தையும் சர்வே எண்ணையும் கொடுங்கள். இங்கே வருவாய் கிராமத்தின் பெயர் வேண்டும், பஸ் ஸ்டாப் பெயர் உதவாது. நாம் துரைப்பாக்கம் என்பதை ஒக்கியம் துரைப்பாக்கம் என்று தேட வேண்டும்.

படி 3. முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இங்கேதான், நிதானமாகப் படியுங்கள். உங்கள் பட்டாவில் 142/3A2 என்று இருக்கும். திட்டப் பட்டியலில் 142/3 மட்டும் இருக்கும், ஏனென்றால் உட்பிரிவு 2008-க்குப் பிறகு நடந்தது. தாய் எண்ணான 142/3-க்கு 'குடியிருப்பு' என்று வந்ததும் திருப்தியடைந்துவிடாதீர்கள். பல எண்களுக்குப் பக்கத்தில் 'பகுதி' என்ற குறிப்பு இருக்கும். அதே எண் விவசாய மண்டலப் பட்டியலிலும் 'பகுதி' என்று இன்னொரு முறை வரும். அதாவது மண்டலக் கோடு அந்தப் புலத்தின் நடுவே ஓடுகிறது. 3A1 ஒரு பக்கம், 3A2 மறுபக்கம் என்று விழுந்திருக்கலாம்.

பழைய எஃப்எம்பி, உட்பிரிவுக்குப் பிந்தைய எஃப்எம்பி இரண்டையும் தாளில் அச்செடுத்து, மண்டல வரைபடத்தோடு வைத்துப் பாருங்கள். புரோக்கர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் கலர் மேப்பை நான் ஒருபோதும் நம்பச் சொல்லமாட்டேன். கோடு உங்கள் மனைக்கு அருகில் போனால், இரண்டு எஃப்எம்பி-யையும் இணைத்து சிஎம்டிஏ-விடம் நிலப் பயன்பாட்டை எழுத்தில் கேளுங்கள். இணையத் தகவலை அச்செடுத்துக் காட்டி யாரிடமும் வாதாட முடியாது.

டவுன் சர்வே எண் மட்டும் இருந்தால், அதற்கு இணையான பழைய சர்வே எண்ணைத் தாலுகா அலுவலக நில அளவைப் பிரிவில் வாங்கிவிட்டுத்தான் தேட வேண்டும்.

படி 4. 'ஆதாரக் குடியிருப்பு' என்று வந்தாலும் மேலே இன்னொரு கட்டுப்பாடு இருக்கிறதா பாருங்கள்: செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதி, கிழக்குக் கடற்கரைச் சாலையோர நிலத்தடி நீர் செறிவூட்டும் பகுதி, பள்ளிக்கரணை சதுப்பு நிலம், கடலோர ஒழுங்குமுறை மண்டலம், தாம்பரம் விமானப்படைத் தளத்தைச் சுற்றியுள்ள உயரக் கட்டுப்பாடு. நகரின் பழைய பகுதிகளில் விரிவான வளர்ச்சித் திட்டம் (அந்தப் பகுதிக்கு மட்டும் போட்ட நுணுக்கமான திட்டம்) தனியாக இருந்தால் அதையும் கேளுங்கள்.

படி 5. விவசாயம் என்று வந்தால் நில வகைப்பாட்டு மாற்றம்தான் வழி. இது 1971-ஆம் ஆண்டு நகர், ஊரமைப்புச் சட்டத்தின் 32(4) பிரிவில் வரும். விண்ணப்பம், பத்திரிகை விளம்பரம், ஆட்சேபணை, தொழில்நுட்பக் குழு, ஆணையக் கூட்டம், கடைசியில் அரசிதழ். "விண்ணப்பம் போட்டாச்சு, வந்துரும்" என்ற வார்த்தைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அரசிதழ் நகலைக் கையில் வாங்குங்கள்.

பக்கத்து நிலத்தை யாரோ தொழிற்சாலைக்கு மாற்றக் கேட்டிருந்தால், விளம்பரத்தில் சொன்ன கெடுவுக்குள் சர்வே எண்ணோடு எழுத்தில் ஆட்சேபியுங்கள். சாலை எத்தனை மீட்டர், மழைக்காலத்தில் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும், வாய்க்கால் எங்கே என்று அளவோடும் போட்டோவோடும் இருக்கட்டும். ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால். 'எங்களுக்குப் பிடிக்கவில்லை' என்பது ஆட்சேபணை ஆகாது. எந்த மண்டலம் நல்லது என்பதை உயர் நீதிமன்றம் பொதுவாகத் தானாகத் தீர்மானிக்காது. முறைப்படி விளம்பரம் வந்ததா, உங்கள் ஆட்சேபணை பரிசீலிக்கப்பட்டதா, காரணம் பதிவானதா என்றுதான் பார்க்கும். நீங்கள் எழுதவே இல்லை என்றால் வழக்குக்குக் கால் இல்லை.

திட்ட அனுமதி மறுக்கப்பட்டால் முதலில் அதே சட்டத்தின் 79-ஆம் பிரிவு மேல்முறையீடு. உத்தரவு கைக்கு வந்ததிலிருந்து இரண்டு மாதம், அதனால் தபால் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். நேரே உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால், அந்த வழி இருக்கிறதே என்று திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம். அனுமதியில்லாத கட்டடத்துக்கு 56, 57 பிரிவுகளில் வரும் நோட்டீஸ்கள் வேறு கதை, அவற்றுக்கு 80-ஏ பிரிவில் அரசிடம் போக வேண்டும்.

பின்சேர்க்கை: பலர் கேட்டதால் இது. 2022-ல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்கப்பட்டது. 2008 வரைபடம் பழைய 1,189-க்கு மட்டுமே. புதிதாகச் சேர்ந்த அரக்கோணம் பக்கம் மனை பார்ப்பவர்கள் சிஎம்டிஏ தளத்தில் சர்வே எண்ணைத் தேடி, ஒன்றும் வரவில்லை என்றால் தடையில்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே உள்ளூர் முழுமைத் திட்டம் இருக்கிறதா என்று நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். திட்டமே இல்லாத இடத்து விவசாய நிலத்துக்கு 47-ஏ பிரிவு அனுமதி, ஆட்சியரின் இசைவோடு.