வைரவபுளியங்குளத்தில் நடப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையின் வடக்கிலுள்ள வவுனியா நகரில் இறங்குபவர்களில் பெரும்பாலானோர் யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதியையும் கடைத்தெருவையும் பார்த்ததோடு யாழ்ப்பாணத்துக்கோ மன்னாருக்கோ புறப்பட்டுவிடுகிறார்கள். புகையிரத நிலையத்தை ஒட்டிய வைரவபுளியங்குளத்திலிருந்து மன்னார் வீதியிலுள்ள குருமன்காட்டுச் சந்தி வரை, வழிகாட்டி எவருமின்றி, ஒரு காலைப்பொழுதில் நிதானமாக நடந்துவிடலாம். இந்த நடையில் நேரும் தவறுகள் பெரும்பாலும் வீதியை வைத்து ஊரை விளங்கிக்கொள்ள முயல்வதால் வருகின்றன. வவுனியாவை உள்ளடக்கிய வன்னிப் பகுதியில் குளம் முதலில் வந்தது; அதன் கீழே வயலும், வயலுக்குப் பக்கத்தில் குடியிருப்பும் வந்தன; வீதி கடைசியாகத்தான் வந்தது.

பெயரைப் பாதியாகச் சொல்லி வழி கேட்பது முதல் தவறு. வெறுமனே "புளியங்குளம்" என்று சொன்னால், ஓமந்தைக்கு வடக்கே ஏ9 வீதியிலுள்ள புளியங்குளத்துக்கான பேருந்தைத்தான் காட்டுவார்கள். மட்டக்களப்பிலிருந்து வந்த என் நண்பர் ஒருவர் நகரத்திலுள்ள வவுனியாக் குளத்தைப் பார்க்க விரும்பி, முச்சக்கரவண்டிக்காரரிடம் "வவுனிக்குளம்" என்று சொல்லிவிட்டார். அவர் வண்டியை இயக்காமல் திரும்பிப் பார்த்து, "அண்ணை, அது மல்லாவிப் பக்கமெல்லோ? இதில போகேலாது" என்றார். வவுனிக்குளம் முல்லைத்தீவு மாவட்டத்தில் பாலியாற்றை மறித்துக் கட்டப்பட்ட பெருங்குளம். வவுனியாக் குளம் வேறு. பேருந்து நிலையத்தைக் கேட்டாலும் பழையதா, புதியதா என்பதைச் சேர்த்தே கேட்க வேண்டும்.

அடுத்தது நேரம். வைகாசி முதல் ஆவணி வரை தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று வறட்சியாக வீசும் மாதங்களில், காலை பத்து மணிக்குப் பிறகு நிழலில்லாத குளக்கட்டில் நடப்பது உடலை வருத்தும். ஆறு மணிக்கே தொடங்குங்கள்.

குளத்தைக் காட்சிப் பொருளாக மட்டும் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவதையே நான் மிகப் பெரிய தவறாகக் கருதுகிறேன். கட்டில் ஏறியதும் துருசு எங்கே என்று தேடுங்கள். நீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் அந்தச் சிறிய அமைப்பின் அருகே குனிந்து பார்த்தால், நீர் எத்தனை நிலைகளில் நின்று வற்றியிருக்கிறது என்பதைச் சீமெந்தில் படிந்த பாசிக்கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டும். பிறகு வான் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். குளம் நிரம்பி மேலதிகமாகும் நீர் வான் வழியாகப் பாய்ந்து கீழேயுள்ள அடுத்த குளத்தைச் சேர்வதே வன்னியின் பழைய ஏற்பாடு. வேப்பங்குளம், பண்டாரிக்குளம், நெளுக்குளம், கூமாங்குளம், இறம்பைக்குளம் என்று நகரைச் சுற்றிலும் குளப் பெயர்களாகவே இருப்பது அதனால்தான். வயலாக இருந்த நிலங்களில் பல இன்று வீட்டுக்காணிகளாகிவிட்டன. குளங்களின் அலைகரையில், அதாவது நீர் ஏறி இறங்கும் உட்பக்கக் கரையில், மண் நிரப்பப்படுவது எனக்கு மிகுந்த கவலை தருகிறது, ஏனெனில் மாரியில் நீர் தன் பழைய இடத்தைத் தேடி ஒழுங்கைகளுக்குள்ளும் முற்றங்களுக்குள்ளும் வந்துவிடுகிறது. குறுக்கே போகலாம் என்று அலைகரைச் சேற்றில் இறங்காதீர்கள். வன்னிக் குளங்களில் முதலைகள் உண்டு.

தண்டவாளத்தின் வழியே நடப்பதும் ஆபத்தான தவறே. 1990 இல் போரால் வடக்குப் புகையிரதப் பாதை அறுந்தபின் பல ஆண்டுகள் வவுனியாவே கடைசி நிலையமாக இருந்தது. 2014 ஒக்டோபரிலிருந்து புகையிரதங்கள் மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடுகின்றன. வெறிச்சோடிய தண்டவாளம் என்று எண்ணி அதைக் குறுக்குவழியாக்க வேண்டாம்.

வைரவபுளியங்குளத்தில் தனியார் கல்வி நிலையங்கள் நிறைய உண்டு. வகுப்பு விடும் நேரத்தில் ஒழுங்கை முழுவதும் துவிச்சக்கரவண்டிகளாகிவிடும். அப்போது ஓரமாக நின்று வழிவிடுங்கள், பிள்ளைகளைப் படமெடுக்காதீர்கள். படைமுகாம்களையும் காவலரண்களையும் படமெடுப்பது வீண் விசாரணைக்குத்தான் இட்டுச் செல்லும்.

மனிதரோடு பேசும்போது நேரும் தவறு இவற்றைவிட நுட்பமானது. தேநீர்க்கடையில் அமர்ந்ததும் "சொந்த ஊர் எது?" என்று கேட்பது நமக்கு வழமைதான். ஆனால் தமிழர்களுக்கு எதிரான 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்கள், 1995 இல் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர்கள், 2009 இல் போரால் இடம்பெயர்ந்து செட்டிகுளத்து முகாம்களில் இருந்துவிட்டு இங்கேயே தங்கியவர்கள் எனப் பலர் வாழும் நகரம் இது. அந்தக் கேள்விக்குச் சிலரிடம் சுருக்கமான பதில் இல்லை. சிலருக்குப் பதில் சொல்லவே விருப்பமில்லை. போரைப் பற்றி நாமாகக் கேட்கக்கூடாது. கோயில் எது, குளம் இந்த முறை வான் பாய்ந்ததா, வயல் எப்படி என்று கேட்டால் பேச்சு தானாக வளரும். அவர்களாகச் சொல்ல நினைப்பதை அவர்களே சொல்வார்கள்.

கோடையில் ஒருமுறை நடந்துவிட்டு, பார்த்தாயிற்று என்று விட்டுவிடுவதும் தவறே. ஐப்பசியில் வடகீழ்ப் பருவமழை தொடங்கி மார்கழிக்குள் குளங்கள் நிரம்பும்போது, இதே வழியை மீண்டும் நடந்து பாருங்கள். ஆவணியில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்த அலைகரையில், மருத மரங்களின் அடிப்பாகம் மறையும்வரை தண்ணீர் நிற்கும்.