விஸ்கி டிஸ்டில்லரிக்குப் போனீர்களா? பீப்பாய் மட்டும் வாங்கிவிடாதீர்கள்

கோடை பிறந்தால் கிளாஸ்கோவில் எங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து யாராவது வந்துவிடுவார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு சிங்கிள் மால்ட் (ஒரே ஆலையில், முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் வடித்த விஸ்கி) தயாராகும் இடத்தைப் பார்த்தே ஆக வேண்டும். நான் பெரிய ஆலைகளுக்குக் கூட்டிப்போவதில்லை. 3 மணி நேரத்துக்கு மேல் காரோட்டி, கின்டைர் தீபகற்பத்தின் தென்கோடியில் இருக்கும் கேம்பல்டவுனுக்குப் போவோம். ஒரு காலத்தில் 30-க்கும் மேற்பட்ட டிஸ்டில்லரிகள் இருந்த ஊர் அது, இப்போது மூன்றுதான். அதில் ஸ்பிரிங்பேங்க், 1828-இல் தொடங்கியது. பார்லியை முளைகட்டுவதிலிருந்து பாட்டிலில் அடைப்பது வரை எல்லாம் ஒரே வளாகத்துக்குள் நடக்கிறது.

ஐஸ் போடலாமா, சோடா கலக்கலாமா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. காசு கொடுத்தவர் இஷ்டம். புதிதாக வருகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் செய்கிற, நானும் ஆரம்பத்தில் செய்த, வேறு சில தவறுகள் இருக்கின்றன.

முளைக்கூடத்தில் ஒரு படம் எடுத்துவிட்டு நகர்வது

செம்பு வடிகலன்கள் பளபளப்பாக இருப்பதால் எல்லோரும் அங்கே ஓடுகிறார்கள். செம்பு எந்த மால்ட் டிஸ்டில்லரியிலும் இருக்கும். தனக்கு வேண்டிய பார்லி முழுவதையும் தரையில் பரப்பி, தானே முளைகட்டிக்கொள்ளும் ஆலைதான் அரிது; மற்றவர்கள் பெரும்பாலும் வெளியே வாங்கிவிடுகிறார்கள். ஊறிய பார்லியை இரவு பகலாகப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் சூடு ஏறி, துணியில் கட்டிய பயறு மாதிரி வேரோடு வேர் பின்னிக்கொள்ளும்.

அப்புறம் உலர்த்தும் சூளை. ஸ்பிரிங்பேங்க் என்ற ஒரே ஆலை ஹேசல்பர்ன், ஸ்பிரிங்பேங்க், லாங்ரோ என்று மூன்று விதமான விஸ்கி செய்யும் சூட்சுமம் இங்கேதான் தொடங்குகிறது. ஹேசல்பர்னுக்கு 30 மணி நேரம் வெறும் சூடான காற்று. ஸ்பிரிங்பேங்குக்கு 6 மணி நேரம் பீட் (சதுப்பு நிலத்தில் வெட்டியெடுத்து எரிக்கும் கரிமண்) புகை, பிறகு 24 மணி நேரம் காற்று. லாங்ரோவுக்கு 48 மணி நேரமும் புகைதான். வடிப்பதிலும் கணக்கு வேறு: முதலாவதை 3 முறை, அடுத்ததை இரண்டரை முறை (ஒரு பகுதியை இரண்டு முறை, மறு பகுதியை மூன்று முறை), கடைசியை 2 முறை. இதைக் கேட்டுவிட்டுப் போய்ச் சுவைத்தால்தான், புகை ஏன் ஒன்றில் தூக்கலாகவும் ஒன்றில் இல்லாமலும் இருக்கிறது என்று பிடிபடும்.

காரோட்டுகிறவரும் குடிப்பது

ஸ்காட்லாந்தில் காரோட்டுகிறவருக்கு வரம்பு 100 மி.லி. ரத்தத்துக்கு 50 மி.கி. ஆல்கஹால்; இங்கிலாந்தின் 80 இங்கே செல்லாது. அவர் பங்கைச் சின்னப் புட்டியில் கேளுங்கள், தருவார்கள்.

பீப்பாய் வாங்குவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது. டிஸ்டில்லரியைப் பார்த்துவிட்டுப் போன ஒரு நண்பருக்கு அந்த வாரமே போனில் விளம்பரம் வந்தது. உங்களுக்கென்று ஒரு பீப்பாய், வயது ஏற ஏற விலையும் ஏறும் என்று. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பணத்தைக் கட்டிவிட்டு, பெருமையோடு சர்டிபிகேட்டைக் காட்டினார். கெட்டி அட்டை, தங்க நிற ஓரம், சுருள் எழுத்தில் அவர் பெயர், கீழே ஒரு பீப்பாய் எண். எந்தக் கிடங்கு என்று ஒரு வரிகூட இல்லை.

“சர்டிபிகேட் இருக்கே, அப்புறம் என்ன?” என்றார்.

சர்டிபிகேட்டை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். தீர்வை கட்டாத விஸ்கி, அரசின் கண்காணிப்பில் உள்ள கிடங்கில்தான் இருக்கும். இந்தப் பீப்பாயை இன்னாருடைய கணக்குக்கு மாற்று என்று பழைய உரிமையாளர் கிடங்குக்குக் கொடுக்கும் உத்தரவுக்கு டெலிவரி ஆர்டர் என்று பெயர். கிடங்கு அதை ஏற்றுத் தன் பதிவேட்டில் மாற்ற வேண்டும். மெயில் மேல் மெயில் போட்டுக் கிடங்கைக் கண்டுபிடித்தோம். பீப்பாய் இருந்தது, ஆனால் விற்ற தரகர் கணக்கில் இருந்தது. அந்தத் தரகர் திவாலாகியிருந்தால் என் நண்பர் அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் வரிசையில் நின்றிருப்பார். பெயர் மாற்றவே மாதக்கணக்கில் இழுத்தடித்தார்கள்.

அடுத்தது லாபக் கணக்கு. 250 லிட்டர் பீப்பாய், 700 மி.லி.யால் வகுத்து, கடை விலையால் பெருக்கினால் முடிந்தது என்று நினைத்திருந்தார். வருடத்துக்கு ஏறத்தாழ 2 சதவீதம் ஆவியாகிப் போகும்; 10 வருடத்தில் 200 லிட்டர் மிஞ்சினால் பெரிது. கிடங்கு வாடகை, காப்பீடு, பாட்டிலில் அடைக்கும் கூலி, வெளியே எடுக்கும்போது எக்சைஸ் தீர்வை, அதற்கு மேல் வாட் வரி. ஸ்காட்லாந்துக் குளிரில் ஆல்கஹால் வீரியமும் இறங்கும். 40 சதவீதத்துக்குக் கீழே போனால் சட்டப்படி அது ஸ்காட்ச்சே இல்லை. எவ்வளவு மிச்சம், எவ்வளவு வீரியம் என்று அளந்து பார்த்த சமீபத்திய ரீகேஜ் அறிக்கை கேட்காமல் பழைய பீப்பாயைத் தொடவே கூடாது.

பெயர் விவகாரம் இதைவிட மோசம். பல டிஸ்டில்லரிகள் தங்கள் பெயரை வெளியார் லேபிளில் போட விடுவதில்லை. சிலர் விற்கும் முன்பே இன்னொரு ஆலையின் மால்ட்டைக் கொஞ்சம் கலந்துவிடுவார்கள். டீஸ்பூன் போடுவது என்பார்கள். ஒரு டீஸ்பூன் விழுந்தாலும் அது சிங்கிள் மால்ட் இல்லை, பிளெண்டெட் மால்ட். வாங்குகிறவர் எத்தனை பேர் இதைக் கேட்கிறார்கள்?

பீப்பாயையே சென்னைக்கு அனுப்ப முடியுமா என்றும் கேட்டார். முடியாது. 2012 நவம்பரிலிருந்து சிங்கிள் மால்ட் ஸ்காட்ச்சை ஸ்காட்லாந்திலேயே பாட்டிலில் அடைத்துத்தான் வெளியே அனுப்ப வேண்டும்.

வயதை மட்டும் பார்ப்பது

லேபிளில் உள்ள எண், உள்ளே இருப்பதில் மிக இளையதன் வயது. ருசிக்கு உத்தரவாதம் இல்லை.

நிறத்தில் மயங்குவது

கேரமல் சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது.

பாட்டிலைப் படுக்கவைப்பது

ஒயின் இல்லை. நிற்கவையுங்கள்.

மூன்றாவது பாட்டில்

இந்தியாவுக்குத் தீர்வையில்லாமல் ஒருவர் கொண்டுபோகக்கூடியது 2 லிட்டர். 700 மி.லி. பாட்டில் மூன்று வைத்தால் 2.1 ஆகிவிடும். அந்த 100 மி.லி.க்குக் கஸ்டம்ஸில் நின்று பேரம் பேசிப் பார்த்தவர்களும் எங்கள் கூட்டத்தில் உண்டு.