ஒரே மவுஸ், மூன்று கம்ப்யூட்டர்: கர்சர் நின்றுபோனால் செய்யக்கூடாதவை

மேசையில் ஆபீஸ் லேப்டாப், சொந்த டெஸ்க்டாப், ஓரத்தில் லினக்ஸ் போட்ட பழைய பெட்டி. மூன்றுக்கும் தனித்தனி மவுஸ், கீபோர்டு வைத்தால் டீ டம்ளர் வைக்கக்கூட இடமிருக்காது. அதனால் சிலர் கேவிஎம் ஸ்விட்ச் வாங்குகிறார்கள்; ஒரே கீபோர்டு, மவுஸைப் பொத்தான் தட்டிக் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் மாற்றிக் கொடுக்கும் பெட்டி அது. சிலர் இன்புட் லீப், டெஸ்க்ஃப்ளோ, மவுஸ் வித்தவுட் பார்டர்ஸ் மாதிரி மென்பொருளைப் போட்டு, ஒரே மவுஸை எல்லாத் திரைகளிலும் ஓட விடுகிறார்கள். நன்றாக ஓடும்வரை இதைப் போல் சௌகரியம் வேறில்லை. ஒருநாள் கர்சர் நின்றுபோகும். உடனே புது மவுஸ் வாங்கக் கிளம்பிவிடுகிறோம். முதல் தவறு அதுதான்.

மென்பொருள் வழியாகப் பகிரும்போது, இரண்டாவது கம்ப்யூட்டரில் நகரும் கர்சரை உங்கள் மவுஸ் நேரடியாக நகர்த்துவதில்லை. மவுஸின் அசைவை முதல் கம்ப்யூட்டர் வாங்கி, நெட்வொர்க் வழியாக அனுப்புகிறது. அந்தப் பக்கம் இருக்கும் மென்பொருள் அதை வாங்கிக் கர்சரை நகர்த்துகிறது. மவுஸ், நெட்வொர்க், அந்தப் பக்கத்து அனுமதி என்று மூன்று இடங்களில் எங்கு வேண்டுமானாலும் அறுந்துபோகலாம். முதல் கம்ப்யூட்டரில் மவுஸ் சரியாக ஓடினால், மவுஸில் கோளாறு இல்லை. கடைக்குப் போக வேண்டாம்.

அடுத்த தவறு, மென்பொருள் தனக்கு நடந்ததை வரி வரியாகக் குறித்து வைக்கும் லாக் பதிவைத் திறந்து பார்க்காமலே அமைப்புகளைக் கலைப்பது. ஒரு இரவு எனக்கு இது நேர்ந்தது. கர்சர் வலது ஓரத்தில் முட்டி நின்றது, பக்கத்து லேப்டாப்புக்குத் தாண்டவே இல்லை. ஃபயர்வாலைப் பார்த்தேன், ரவுட்டரை அணைத்துப் போட்டேன், கேபிளை மாற்றினேன். ஒன்றரை மணி நேரம் போனபின்தான் பதிவைத் திறந்தேன். கர்சர் இந்தத் திரைக்குள் பூட்டப்பட்டிருக்கிறது என்று ஒரே வரியில் காரணம் இருந்தது. ஏதோ ஒரு நேரத்தில் ஸ்க்ரோல் லாக் பொத்தானில் கை பட்டிருக்கிறது. சினர்ஜி என்ற பழைய பகிர்வு மென்பொருளின் வழிவந்தவற்றில் (இன்புட் லீப், டெஸ்க்ஃப்ளோ இரண்டும் அப்படித்தான்), கர்சரை ஒரே திரைக்குள் பூட்டும் பொத்தானாக முன்கூட்டியே வைத்திருப்பது அதைத்தான். மறுபடி ஒருமுறை அழுத்தினேன், கர்சர் தாண்டிவிட்டது.

போன கர்சர் திரும்பி வரவில்லை என்பது இன்னொரு புலம்பல். அமைப்புக் கோப்பைக் கையால் எழுதுபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். 'டெஸ்க்டாப்பின் வலதுபுறம் லேப்டாப்' என்று எழுதிவிட்டு, 'லேப்டாப்பின் இடதுபுறம் டெஸ்க்டாப்' என்பதை விட்டுவிடுகிறோம். அங்கே ஒவ்வொரு இணைப்பும் ஒருவழிப் பாதை. திரும்பும் வழியையும் நாம்தான் எழுத வேண்டும். கோப்பில் இருக்கும் திரைப் பெயரும் அந்தக் கம்ப்யூட்டர் தனக்கென்று சொல்லும் பெயரும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேற்றுவரை ஓடியது, இன்று இணையவே இல்லை என்றால், ரவுட்டர் வேறு ஐபி முகவரி கொடுத்திருக்கலாம். ரவுட்டரிலேயே அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு முகவரியை ஒதுக்கி வையுங்கள். ஒன்று வீட்டு வைஃபையிலும் மற்றொன்று கெஸ்ட் வைஃபையிலும் இருந்தாலும், ஆபீஸ் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலும் இதேபோல் இணையாமல் போகலாம்.

விண்டோஸில் ஆளைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு. இணைப்பு இருக்கிறது, க்ளிக் கூட விழுகிறது, கர்சர் மட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தக் கம்ப்யூட்டரில் சொந்தமாக மவுஸ் எதுவும் செருகப்படாததுதான் காரணம். மவுஸ் இல்லையென்று நினைத்து விண்டோஸ் கர்சரை மறைத்துவிடுகிறது. அணுகல்தன்மை அமைப்புகளில் 'மவுஸ் கீஸ்' என்பதை இயக்குங்கள். இல்லையென்றால் பழைய வயர்லெஸ் மவுஸ் ஒன்றின் டாங்கிளை (யுஎஸ்பி துளையில் செருகும் சின்ன ரிசீவர்) செருகி வைத்தாலே போதும்.

டாஸ்க் மேனேஜர் மாதிரி நிர்வாகி உரிமையில் ஓடும் ஜன்னல் மேலே வந்தவுடன் மவுஸ் செத்துப்போனால், அதுவும் பழுதல்ல. குறைந்த உரிமையுள்ள மென்பொருள் அப்படிப்பட்ட ஜன்னலைத் தொட விண்டோஸ் விடாது. பகிரும் மென்பொருளை சர்வீஸாக, அதாவது பின்னணியில் கூடுதல் உரிமையோடு, ஓட விடுங்கள். மேக்கில் பிரைவசி அமைப்புகளுக்குள் ஆக்சஸிபிலிட்டி அனுமதி தர வேண்டும். லினக்ஸ் வகையான உபுண்டு 22.04-ல் லாகின் திரையின் பல்சக்கரத்தைத் தட்டி, திரையைக் கவனித்துக்கொள்ளும் புதிய அமைப்பான வேலண்டுக்குப் பதில் பழைய எக்ஸ்ஆர்க் (Xorg) அமர்வைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். பேரியர் மாதிரி பழைய மென்பொருளுக்கு வேலண்டில் இடமில்லை.

கர்சர் தத்தித் தத்திப் போகிறதா? இங்கே பலரும் வைஃபையை மட்டும் திட்டுகிறார்கள். வைஃபை காரணமாக இருக்கலாம், கேபிள் போட்டால் தெரிந்துவிடும். ஆனால் வயர்லெஸ் மவுஸின் டாங்கிள் எங்கே செருகியிருக்கிறது என்றும் பாருங்கள். யுஎஸ்பி 3.0 கருவிகளும் கேபிள்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும் என்று இன்டெல் 2012-லேயே ஒரு அறிக்கையில் விளக்கியிருக்கிறது. பெரும்பாலான டாங்கிள்கள் பேசுவது அதே அலைவரிசையில். என் மேசையில் டாங்கிளுக்குப் பக்கத்துத் துளையில் வெளி ஹார்ட் டிஸ்க் இருந்தது. பெரிய கோப்பை நகலெடுக்கும் நேரத்தில் மட்டும் கர்சர் திக்கும். ஒரு நீட்டிப்பு கேபிள் போட்டு டாங்கிளை மவுஸ் பேடுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தேன். அன்றோடு சரியானது.

கேவிஎம் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பல பெட்டிகளில் மவுஸுக்கென்று இருக்கும் துளை, கம்ப்யூட்டருக்கு ஒரு சாதாரண மவுஸைப் போல நடித்துக் காட்டும். மாற்றும்போது வேகமாக மாறுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் கேமிங் மவுஸின் கூடுதல் பொத்தான்கள் அதற்குப் புரியாமல் போகலாம். அதே பெட்டியின் சாதாரண யுஎஸ்பி ஹப் துளைக்கு மாற்றிச் செருகிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்க், வெப்கேம் எல்லாவற்றையும் அதிலேயே மாட்டியிருந்தால் மின்சாரமும் போதாது. ஒரு யுஎஸ்பி 2.0 துளை தருவது 500 மில்லி ஆம்பியர்தான். தனி அடாப்டர் போடும் துளை இருந்தால் போடுங்கள்.

கடைசியாக, என்னை உண்மையிலேயே கவலைப்படுத்தும் தவறு. எதுவும் வேலை செய்யவில்லை என்றதும் ஃபயர்வாலை மொத்தமாக அணைத்து, குறியாக்கத்தையும் நிறுத்திவிடுகிறார்கள். அப்புறம் மறந்துபோகிறார்கள். மவுஸ் அசைவு மட்டுமா அந்த வழியில் போகிறது? நீங்கள் தட்டும் வங்கிக் கடவுச்சொல்லும் அதே வழியில்தான் போகிறது. சினர்ஜி வழிவந்தவற்றுக்கு 24800 என்ற ஒரு போர்ட்டை (ஃபயர்வாலில் எண் போட்ட வாசல்) வீட்டு நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்தால் போதும். ஆபீஸ் லேப்டாப்பில் இப்படி எதையும் போடும் முன் அங்குள்ள ஐடி ஆட்களிடம் கேட்டுவிடுங்கள். அவர்கள் கூடாது என்றால், எதையும் நிறுவத் தேவையில்லாத கேவிஎம் பெட்டியை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுப் பாருங்கள்.