ராணியா, யானையா? நான்கு காய் எண்ட்கேமை இன்ஜினோடு அலசும் முறை

காய்கள் குறையக் குறைய ஆட்டம் எளிதாகிவிடும் என்று செஸ் பழகத் தொடங்கியவர்கள் நினைப்பதுண்டு. ராஜாக்களையும் சேர்த்து நான்கே காய்கள் இருக்கும் ஒரு நிலை இதோ. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உலகம் முழுக்க இதை வியந்து பார்க்கிறார்கள். ஸ்டாக்ஃபிஷ் போன்ற ஒரு இன்ஜினை, அதாவது செஸ் ஆடும் கணினி நிரலை, தட்டிவிட்டால் கண் இமைக்கும் நேரத்தில் விடை வந்துவிடும். ஆனால் அந்த விடை மட்டும் உங்கள் அடுத்த ஆட்டத்துக்கு உதவாது. மற்ற நகர்வுகள் ஏன் பலிக்கவில்லை என்று இன்ஜினிடம் கேட்கத் தெரிய வேண்டும். அதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

படி 1: நிலையை அமையுங்கள்

லிச்செஸ் என்ற செஸ் இணையதளம் முழுக்க இலவசம். அதில் போர்டு எடிட்டரைத் திறந்து பலகையைக் காலி செய்யுங்கள். பிறகு இப்படி வையுங்கள்:

வெள்ளை: ராஜா பி6, சிப்பாய் சி6
கறுப்பு: ராஜா ஏ1, யானை டி5

வெள்ளை ஆட வேண்டும். "அனாலிசிஸ் போர்டு" என்பதை அழுத்துங்கள். இன்ஜின் அணைந்தே இருக்கட்டும்.

படி 2: முதலில் நீங்கள்

பத்து நிமிடம் யோசித்து, உங்கள் கணக்கைத் தாளில் எழுதுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போக ஆசை வரும், தாண்டாதீர்கள். எழுதிவைத்த கணக்கு இருந்தால்தான் இன்ஜின் சொல்வதோடு அதை ஒப்பிட்டு, எந்த இடத்தில் நம் பார்வை நின்றுபோனது என்று கண்டுபிடிக்க முடியும்.

படி 3: ஒரு வரி போதாது

இப்போது இன்ஜினை ஓடவிடுங்கள். அமைப்புகளில், காட்டும் வரிகளின் (நகர்வுத் தொடர்களின்) எண்ணிக்கையை ஐந்தாக்குங்கள். ஒரே வரி என்றால் சிறந்த நகர்வு மட்டும்தான் தெரியும். ஐந்து வரி என்றால் முதல் நகர்வுக்கும் இரண்டாவதற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதும் தெரியும். பெரிய இடைவெளி இருந்தால் அங்கே ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் அது.

இன்ஜின் மதிப்பீடாகக் காட்டும் எண்ணைப் பற்றி ஒரு விஷயம். 2022 இறுதியில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1 முதல், +1.00 என்றால் வெள்ளை வெல்லும் வாய்ப்பு சுமார் பாதி என்று பொருள். ஒரு சிப்பாய் அதிகம் என்ற பழைய கணக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

படி 4: ஒவ்வொரு "ஏன் கூடாது?"வையும் ஆடிப் பாருங்கள்

முதல் நகர்வில் சிக்கல் இல்லை: சிப்பாய் சி7. கறுப்பு யானை டி6-க்கு வந்து செக் கொடுக்கிறது. வெள்ளை ராஜா எங்கே போவது? இன்ஜின் பி5 என்கிறது. உடனே ஒப்புக்கொள்ளாமல் மற்ற கட்டங்களை நீங்களே பலகையில் நகர்த்திப் பாருங்கள்.

பி7 போனால் யானை டி7. சிப்பாய் நகர்ந்தால் ராஜாவுக்குச் செக் விழும் என்பதால் அது நகரவே முடியாது, அடுத்து வெட்டுப்படும். ஏ5, ஏ7 என்று ஓரத்துக்கு ஒதுங்கினால் யானை சி6-க்கு வந்து சிப்பாயைப் பின்னாலிருந்து பிடித்துவிடும்.

சுவாரசியமானது சி5தான். யானை செக் கொடுக்காமல் அமைதியாக டி1-க்கு இறங்குகிறது. வெள்ளை ஆசையாகச் சிப்பாயை சி8-க்குத் தள்ளி ராணி எடுத்தால் (சிப்பாயை ராணியாக்கினால்) யானை சி1-இல் செக். ராஜா விலகியே ஆக வேண்டும், பின்னால் நிற்கும் ராணி போய்விடும். வெல்ல வேண்டிய ஆட்டத்தில் தோல்வி.

இந்த ஒரு கிளையைப் புரிந்துகொண்டால் மீதி நடை தானாக வரும். சி1 செக் பயமுறுத்தாத இடம்வரை ராஜா பி வரிசையிலேயே இறங்க வேண்டும். ராஜா பி5, யானை டி5 செக். ராஜா பி4, யானை டி4 செக். ராஜா பி3, யானை டி3 செக். இப்போது ராஜா சி2. யானைக்கு அடி விழுகிறது, டி1, சி1 கட்டங்களும் ராஜாவின் கையில். கறுப்பின் கதை முடிந்தது போலத் தெரியும்.

படி 5: நிற்க வேண்டிய இடம்

கறுப்பு யானை டி4-க்குப் போகிறது. இங்கே இன்ஜினை ஒரு நிமிடம் அணையுங்கள். சி8-இல் ராணி எடுத்தால்? யானை சி4 செக்! ராணியால் வெட்டினால் ஏ1-இல் இருக்கும் ராஜாவுக்கு ஏ2, பி1, பி2 மூன்றும் அடைப்பு. செக்கும் இல்லை, நகரவும் வழியில்லை. ஸ்டேல்மேட், டிரா. வெட்டாமல் விலகினால் ராணியே போய்விடும்.

1895 மே மாதம் கிளாஸ்கோவின் ஒரு வார இதழில் செஸ் பத்தி எழுதிய ஜார்ஜ் பார்பியே, கறுப்பு டிரா செய்யும் புதிராகத்தான் இதை அச்சிட்டார். அந்த நகரில் வாழ்ந்த ஃபெர்னாண்டோ சாவெத்ரா என்ற ஸ்பானியப் பாதிரியார் மறுத்தார். சி8-இல் ராணி வேண்டாம், யானை எடுங்கள்!

இப்போது ஏ8 செக் வரப்போகிறது, அதற்குக் கறுப்பிடம் நல்ல பதில் இல்லை. யானையை ஏ4-க்குக் கொண்டுவந்து முன்கூட்டியே தடுத்தால், ராஜா பி3. ஏ4 யானைக்கு ஒரு அடி, சி1-இல் மேட் என்று இன்னொரு அடி. இரண்டையும் ஒரே நகர்வில் சமாளிக்க முடியாது. இன்ஜின் இல்லாத காலத்தில் ஒரு மனிதர் இதைக் கண்டார் என்பது எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கும் விஷயம்.

படி 6: டேபிள்பேஸிடம் உறுதி செய்யுங்கள்

இன்ஜின் தருவது மதிப்பீடு. டேபிள்பேஸ் தருவது முடிந்த தீர்ப்பு. மேட் நிலைகளிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்கள்வரை எல்லா நிலைகளுக்கும் வெற்றி, டிரா, தோல்வி என்று பதிந்துவைத்திருக்கிறார்கள். ரொனால்ட் டி மான் உருவாக்கிய சிசிஜி டேபிள்பேஸ், ஐந்து காய்களுக்குச் சுமார் 1 ஜிபி. ஏழு காய்களுக்கு ஏறத்தாழ 17 டெராபைட்! இறக்கிவைக்க வேண்டியதில்லை. லிச்செஸ் அனாலிசிஸில் புத்தகக் குறியை அழுத்தினால் போதும்.

யானை டி4 வந்த நிலையை அதில் பாருங்கள். வெற்றி என்று மூன்று நகர்வுகள் காட்டும்: சி8-இல் யானை, ராஜா பி3, ராஜா சி3. அப்படியானால் ராஜாவை நகர்த்தினாலும் ஜெயிக்கலாமா? ஜெயிக்கலாம், ஆனால் முன்னேற்றம் இல்லை. பி3 போனால் முன்பே பார்த்த நிலை அப்படியே திரும்ப வருகிறது. சி3 போனால் யானை டி1, ராஜா சி2, யானை டி4 என்று மறுபடி அதே இடம். வெற்றி கைவிட்டுப் போகவில்லை, அவ்வளவுதான். "வெற்றி" என்பதைப் பார்த்ததும் நின்றுவிடாமல், அந்த நகர்வு எங்கே கொண்டுபோகிறது என்று இரண்டு நகர்வு ஆடிப் பார்ப்பது இதனால்தான்.

சிசிஜி எண்ணும் தூரம் மேட்டுக்கு அல்ல, அடுத்த வெட்டு அல்லது சிப்பாய் நகர்வுக்கு. ஐம்பது நகர்வு விதியை (ஐம்பது நகர்வு வரை வெட்டோ சிப்பாய் நகர்வோ இல்லையென்றால் டிரா கேட்கலாம்) கணக்கில் வைக்க அப்படிச் செய்கிறார்கள். அதனால் அது முதலில் காட்டும் நகர்வு சில சமயம் விசித்திரமாகத் தோன்றலாம்.

ஏழு காய்க்கு மேல் போனால் பெரும்பாலும் இந்தத் தீர்ப்பு கிடைக்காது, இன்ஜினின் எண்தான் துணை. அங்கே ஒரு எச்சரிக்கை. சிப்பாய்கள் ஒன்றையொன்று அடைத்து நிற்கும்போது இன்ஜின் பெரிய எண்ணைக் காட்டி, ஆழம் (எத்தனை நகர்வு முன்னே பார்க்கிறது என்பது) கூடக் கூட அந்த எண் ஏறாமல் அப்படியே நின்றால், எதிராளி உடைக்க முடியாத அரண் கட்டியிருக்கலாம். வரியை இருபது முப்பது நகர்வு ஆடிப் பாருங்கள், ஏதாவது மாறுகிறதா என்று.

படி 7: ஒரு காயை இடம் மாற்றுங்கள்

எனக்கு மிகப் பிடித்த படி இது. அதே யானை டி4 நிலையில் கறுப்பு ராஜாவை மட்டும் ஏ1-இலிருந்து எச்1-க்கு மாற்றுங்கள். இப்போது ராணி எடுத்தால் வெற்றி, ஏனென்றால் சி4 தியாகத்துக்குப் பிறகு ராஜா நகர இடம் இருக்கிறது. யானை எடுத்தால் வெறும் டிரா. அடுத்து கறுப்பு ராஜாவை ஏ2-இல் வைத்துப் பாருங்கள். சி4-இல் ராணி வெட்டும்போது என்ன நடக்கிறது? விடையை முதலில் எழுதிவிட்டு, அப்புறம் இன்ஜினைத் திறங்கள்.